திருச்சிக்குப் போற வழி

கப்பல் காங்கேசன்துறையால வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். முன்வரிசையில ஒருவர் தும்மினார். பிறகு அவருக்குப் பக்கத்தில இருந்த அக்கா தும்மினா. அதுக்குப் பிறகு எங்கட பக்கம் முழுக்கத் தும்மல். ஏசி போட்டு அடைச்ச அறை, யன்னல் திறக்க வழியில்லை. எனக்கு விஷயம் விளங்கிட்டுது. அம்மம்மாட பைக்குள்ள, பழைய பேப்பர்ல சுத்தி, சொப்பின் பையில போட்டு, நூலால கட்டி வச்சிருந்த வறுத்த மிளகாய்த்தூள் வெடிச்சிட்டுது.

அம்மம்மா தும்மேல்ல. கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தா. "உது எங்கட தூள் இல்லை எண்டு சொல்லு" எண்டு என்ர காதுக்குள்ள மட்டும் சொன்னா.

இது 2025 மார்ச்சில நடந்தது. திருச்சியில இருக்கிற தன்ர அக்காவைப் பார்க்கத்தான் அம்மம்மா வெளிக்கிட்டவ. நான் பெரியம்மம்மா எண்டு சொல்லுற அந்த மனுசியை நேரில பார்த்ததே இல்லை. அம்மம்மா கடைசியாப் பார்த்தது 1990 இல். நாகப்பட்டினம் தெரியத் தொடங்கினபோது அம்மம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்வளவுதானோ?"

இவ்வளவுதான். ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரோட்டால 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில ஏறினால் விடியத்தான் இறங்கலாம். கொழும்பை விடக் கிட்ட இருக்கிற ஒரு கரைக்குப் போக ஏன் 35 வருஷம் எடுத்தது? வரலாறு படிக்கிற பிள்ளை எண்டு வீட்டில பெயர் எடுத்திருக்கிறன், ஆனால் இந்தக் கேள்வியை நான் அதுக்கு முதல் யோசிச்சதில்லை. திரும்பி வந்த பிறகு, எங்கட வீட்டில சொல்லுற பழைய பயணக் கதைகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொண்டுக்கும் வருஷம் போட்டுப் பார்த்தன்.

முதல் கதை பூட்டனுடையது. அம்மம்மாட அப்பா. அவருடைய தம்பி திருச்சி பொன்மலையில றெயில்வே பட்டறையில வேலை செய்தவர். அந்தப் பட்டறை 1928 அளவில நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறினது. வேலை கிடைச்ச இடத்துக்குப் போனவர் அங்கேயே கலியாணம் கட்டி இருந்திட்டார். பூட்டன் 1938 இல் தம்பியைப் பார்க்க வெளிக்கிட்டார். அந்தக் காலத்தில வழி இதுதான்: யாழ்ப்பாணத்தில கோச்சி ஏறி மதவாச்சியில இறங்க வேணும். அங்க மாறி, மன்னார் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறை வரை போக வேணும். அங்கயிருந்து கப்பலில தனுஷ்கோடி. தனுஷ்கோடியில றெயில் காத்துக்கொண்டு நிற்கும்.

இந்த வழி திறந்தது 1914 இல். அந்த வருஷம் பெப்ரவரி 24 பாம்பன் பாலம் திறந்தவை, மார்ச் 1 தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கினது. கடல் ஓட்டம் வெறும் 35 கிலோமீற்றர் அளவுதான். சென்னை எழும்பூரில எடுத்த ஒரே ரிக்கற்றில கொழும்பு வரை வரலாம். அதுக்கு முதலும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பாய்க்கப்பல்கள் கோடிக்கரைக்கும் நாகப்பட்டினத்துக்கும் போய் வந்தவைதான். 1914 க்குப் பிறகு, கடலைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆக்களும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் எண்டு ஆனது.

பூட்டனுக்கு நடந்த வில்லங்கம் என்னெண்டால், மதவாச்சியில இறங்காமல் நித்திரையாப் போனார். கண் முழிச்சது அநுராதபுரத்தில. கையில தம்பிக்குக் கொண்டு போன பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும். அண்டைக்கு முழுக்க ஸ்ரேசனில இருந்து, கொண்டு போனதில பாதியைச் சாப்பிட்டு முடிச்சு, அடுத்த நாள் கப்பல் பிடிச்சவராம். எங்கட வீட்டில ஆராவது பஸ்ஸில நித்திரை கொண்டால் இண்டைக்கும் "அநுராதபுரம் போகப்போறாய்" எண்டுதான் சொல்லுவினம்.

இந்தக் கதையில எனக்கு இப்பதான் பட்ட விஷயம் ஒண்டு: பாஸ்போர்ட் எண்ட சொல்லே அதில இல்லை. பூட்டனிட்டப் பாஸ்போர்ட் இருக்கேல்ல. ரெண்டு பக்கமும் பிரிட்டிஷ்காரன்ர ஆட்சி. கோச்சியைத் தவற விட்டதுதான் அவருக்கு நடந்த பெரிய வில்லங்கம்.

ஆனால் எல்லாருக்கும் அப்படி இருக்கேல்ல. அதே பாதையால மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த சனத்தை, பாம்பனுக்கு அங்கால, மண்டபத்தில இலங்கை அரசாங்கம் நடத்தின முகாமில மறிச்சு வச்சு, நோய் இருக்கோ எண்டு பார்த்த பிறகுதான் கப்பலில ஏத்தினவை. பூட்டன் அதுக்குப் பக்கத்தால றெயிலில போயிருப்பார், யன்னலால பார்த்தும் இருப்பார். அதைப் பற்றி எங்கட வீட்டில ஒரு கதையும் இல்லை. மண்டபம் எண்ட பெயரை ஞாபகம் வச்சிருங்கோ, திரும்ப வரும்.

ரெண்டாவது கதை 1961. அம்மம்மாவுக்கு 9 வயது, பெரியம்மம்மாவுக்கு 13. பூட்டன் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போறார். இந்தக் கதையில மதவாச்சி ஒரு வரியில முடிஞ்சிடும். மிச்சம் முழுக்கத் தலைமன்னார் மேசைதான். கடதாசியில பூட்டன்ர பெயர் ஒரு மாதிரி, பிள்ளைகளின்ர பிறப்புப் பத்திரத்தில தகப்பன் பெயர் இன்னொரு மாதிரி. ஒரு எழுத்து வித்தியாசம். "உங்கட பிள்ளையள்தானோ?" எண்டு கேட்டதுக்குப் பூட்டனுக்குக் கோபம் வந்து, "மூக்கைப் பாருங்கோ" எண்டு ரெண்டு பேரையும் முன்னால தள்ளி விட்டாராம். அந்த மூக்கு எனக்கும் இருக்கு.

1938 க்கும் 1961 க்கும் இடையில என்ன நடந்தது? 1948 இல் இலங்கை சுதந்திரம் அடைஞ்ச கையோட ரெண்டு சட்டம் வந்தது. ஒண்டு பிரஜாவுரிமைச் சட்டம். மலையகத் தமிழரில பெரும்பாலானவையை நாடற்றவர் ஆக்கினது அதுதான். மற்றது 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். இது 1949 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்துக்குப் பிறகு அக்கரைக்குப் போய் வாறதுக்குக் கடவுச்சீட்டு வேணும், விசா வேணும், அரசாங்கம் அனுமதிச்ச துறையாலதான் உள்ள வரவும் வெளிய போகவும் வேணும். தம்பி வீட்டுக்குப் போறது அண்டையோட வெளிநாட்டுப் பயணம் ஆகிட்டுது.

சட்டம் வந்த நேரம் பொன்மலைச் சித்தப்பா அங்கால இருந்தார், பூட்டன் இங்கால இருந்தார். ஆர் எந்தக் கரையில நிண்டினமோ அந்தக் கரைக்காரர் ஆனார்கள். சித்தப்பாட பிள்ளைகள் இண்டைக்கு இந்தியர்கள். அவையிட்ட ஆதார் இருக்கு, வாக்கு இருக்கு.

1961 பயணத்தில அம்மம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, கப்பலில தான் சத்தி எடுத்ததும், அக்கா தன்ர தாவணித் தலைப்பால வாய் துடைச்சு விட்டதும், தனுஷ்கோடியில கால் சுட்ட மணலும். மூண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ஊரே இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயலில தனுஷ்கோடி அழிஞ்சது. பாம்பனிலிருந்து போன பயணிகள் றெயிலைக் கடல் கொண்டு போனது, அதில நூறுக்கு மேல சனம் போனது. பிறகு இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில கப்பல் ஓடினது. 1980களின் நடுப்பகுதியில, போர் தொடங்கின கையோட, அதுவும் நிண்டது.

மூண்டாவது கதையை எங்கட வீட்டில சிரிச்சுச் சொல்லுறேல்ல. 1990 ஜூனில திரும்பச் சண்டை தொடங்க, வலிகாமம் வடக்கு ஊர்கள் எல்லாம் எழும்பினது. எங்கட சனம் மயிலிட்டி. அம்மம்மா பிள்ளைகளோட தெல்லிப்பழை, பிறகு கோண்டாவில் எண்டு மாறி மாறி இருந்தா. பெரியம்மம்மா குடும்பம் மன்னார்க் கரைக்குப் போய், இரவில வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. அங்கயிருந்து அவையைக் கொண்டு போன இடம் மண்டபம் முகாம். ஒரு காலத்தில இலங்கைக்கு வாற சனத்தை மறிச்சு வச்ச அதே முகாமில, இப்ப இலங்கையால ஓடின சனத்தை வச்சிருந்தவை. சித்தப்பா குடும்பம் பொன்மலையில இருக்கிற படியால் பிறகு திருச்சிப் பக்கத்து முகாமுக்கு மாறினா. அண்டையிலிருந்து அங்கதான்.

பிறகு, போக நினைச்சுப் போகாமல் விட்ட பயணங்கள். 2003 இல் சமாதான காலம், ஏ9 ரோட்டுத் திறந்திருந்தது. பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்பு போய் லொட்ஜில நிற்கக் காசு சேர்க்கிறதுக்குள்ள அம்மப்பா படுக்கையில விழுந்திட்டார். 2019 நவம்பரில பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேன் ஓடத் தொடங்கினது. அம்மம்மாவுக்கு ரிக்கற் போட்டது 2020 மார்ச் கடைசிக் கிழமைக்கு. கொரோனாவில விமான நிலையமே மூடினது. 2023 ஒக்ரோபர் 14 நாகப்பட்டினம் கப்பலைத் தொடங்கினவை, நாங்கள் விசாவுக்குக் கடதாசி சேர்க்கிறதுக்குள்ள நிண்டிட்டுது. 2024 ஓகஸ்ரில திரும்ப ஓடினது. நாங்கள் நவம்பருக்குப் பதிஞ்சம், மழைக்காலம் வந்து சேவை நிண்டது. அம்மம்மா இடிச்சு வச்ச தூளை நாங்களே சாப்பிட்டு முடிச்சம்.

விசாப் படிவம் நிரப்பினதும் தனிக் கதை. பெற்றோர், பேரன், பேத்தி ஆராவது பாகிஸ்தானைச் சேர்ந்தவையோ எண்டு அதில ஒரு கேள்வி இருக்கு. அம்மம்மா, "பாகிஸ்தானோ? நாங்கள் மயிலிட்டி எண்டு போடு" எண்டா. இந்தியாவில தெரிஞ்ச ஒருவரின்ர பெயரும் விலாசமும் போட வேணும். நான் பெரியம்மம்மாட பெயரை எழுதப் போக அம்மா மறிச்சா. முகாம் விலாசம் போட்டால் சிக்கல் வருமோ எண்டு பயம். பொன்மலைத் தாத்தாட பெயரைத்தான் போட்டம், அவர் சித்தப்பாட மகன். அக்காவைப் பார்க்கப் போறதுக்கான படிவத்தில அக்காட பெயர் ஒரு இடத்திலயும் இல்லை.

அவை சந்திச்சதும் பொன்மலைத் தாத்தா வீட்டிலதான். முகாமில வெளியாள் போய்த் தங்கிறது லேசில்லை. பெரியம்மம்மா ஓட்டோவில வந்து இறங்கினா. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவினம் எண்டு நான் போனைக் கையில வச்சுக்கொண்டு நிண்டன். அழேல்ல. பெரியம்மம்மா மிச்சமிருந்த தூளை மணந்து பார்த்து, "சோம்பு கூடிப்போச்சு" எண்டா. அம்மம்மா, "முப்பத்தஞ்சு வருஷமா அம்மாட தூளை நான்தான் இடிக்கிறன், நீயில்லை" எண்டா. பிறகு ஒரு மணித்தியாலம் தூள் சண்டை. இரவு நான் தண்ணி குடிக்க எழும்பேக்க ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்திருந்தவை. அப்பதான் அழுத சத்தம் கேட்டது.

வெளிக்கிடுற நாள் நான், "அடுத்த முறை நீங்கள் வாங்கோ, பெரியம்மம்மா" எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகுதான் விளங்கினது. தமிழ்நாட்டு முகாம்களில இண்டைக்கும் அரை லட்சத்துக்கு மேல ஈழத்தமிழர் இருக்கினம். 2021 இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் எண்டு பெயர் மாத்தினவை, ஆனால் பிரஜாவுரிமை கிடைக்கேல்ல. 2019 இல் இந்தியா திருத்தின குடியுரிமைச் சட்டத்திலயும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இலங்கைக்கு வரலாம், ஆனால் வெளியேறும் அனுமதி எடுத்து ஒரேயடியா வர வேணும். மகனும் பேரப்பிள்ளைகளும் அங்க. பார்த்திட்டுத் திரும்பிப் போற பயணம் எண்டு ஒண்டு அவவுக்கு இல்லை.

நாங்கள் வந்து ரெண்டு மாதத்தில, மே மாதம், ஒரு செய்தி வாசிச்சன். ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின்ர உதவியோட தமிழ்நாட்டிலிருந்து திரும்பின வயசான ஒருவரைப் பலாலியில கைது செய்திருந்தவை. குற்றம், அந்தக் காலத்தில அனுமதியில்லாத வழியால நாட்டை விட்டுப் போனது. சட்டம், 1948 ஆம் ஆண்டின் அதே குடிவரவு, குடியகல்வுச் சட்டம். 1961 இல் மூக்கைப் பார்க்கச் சொன்ன மேசை, 1990 இல் உயிர் தப்ப வள்ளம் ஏறின சனத்துக்காக இப்பவும் போட்டபடி இருக்கு. அந்தச் செய்தியை நான் அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேல்ல.

எங்கட வீட்டுப் பகிடிகள் ஒவ்வொண்டிலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, வருஷத்தைப் போட்டுப் பார்த்தால் அதுக்குப் பக்கத்தில ஒரு சட்டமோ, சண்டையோ, புயலோ நிக்குது. கோச்சியைத் தவறவிட்டால் அடுத்த நாள் இன்னொரு கோச்சி வந்தது. 1949 க்குப் பிறகு வந்த வில்லங்கங்கள் ஒரு நாளில தீரேல்ல. உங்கட வீட்டிலயும் இப்படிக் கதைகள் இருக்கும். மலாயா போன கதை, லண்டன் ஏயர்போர்ட்டில கருவாடு பிடிபட்ட கதை. அடுத்த முறை சிரிக்கேக்க, அது எந்த வருஷம், கையில என்ன கடதாசி இருந்தது எண்டும் கேளுங்கோ. கேட்கக் கூடிய ஆக்கள் இருக்கேக்கயே கேளுங்கோ.

ஓட்டோவில ஏற முதல் பெரியம்மம்மா என்னட்டக் கேட்டா: "கப்பல் எங்கயிருந்து மோனே வெளிக்கிடுது?"

"காங்கேசன்துறை."

"அது எங்கட வீட்டில இருந்து சைக்கிள்ல ஓடுற தூரம்தானே" எண்டா.

ஓம் எண்டு சொன்னன்.