இடிபாடும் அமானிதமே

 

கி.பி. 622இல் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசல் எழுப்பியபோது, அந்நிலத்தில் நின்ற பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டன. அவை வீணாக்கப்படவில்லை, கிப்லாத் திசையில் வரிசையாக நிறுத்தப்பட்டன என்று ஸஹீஹுல் புகாரி தெரிவிக்கிறது. நிலம் தந்த பொருளே இறையில்லத்தின் அங்கமாயிற்று.

இவ்வழியையே பின்வந்தோரும் பேணினர். துனீசியாவின் கைரவான் நகரில் உக்பா பின் நாஃபிஉ (ரஹ்) அவர்கள் கி.பி. 670இல் நிறுவிய பள்ளியை, 836இல் அக்லபிய அமீர் ஸியாதத்துல்லாஹ் புதிதாகக் கட்டினார். அதன் நூற்றுக்கணக்கான தூண்களில் பெரும்பாலானவை பாழடைந்த ரோமானிய, பைஸாந்தியக் கட்டடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஸ்பெயினின் குர்துபாப் பள்ளியிலும் அவ்வாறே. 785இல் முதலாம் அப்துர் ரஹ்மான் அதைத் தொடங்கியபோது கிடைத்த பழைய தூண்கள் உயரம் குறைந்தவை. தச்சர்கள் அவற்றை ஒதுக்கவில்லை. வளைவின்மேல் வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினர். குறையே உலகம் வியக்கும் அழகாயிற்று! பின்னர் தொழுவோர் பெருகியதால் அப்பள்ளி மும்முறை விரிவாக்கப்பட்டது. ஆயினும் முதல் மண்டபத்தை எவரும் தரைமட்டமாக்கவில்லை. சுவரைத் திறந்து புதிய பகுதியை இணைத்தனர்.

இது வெறும் சிக்கனமன்று, மார்க்கச் சட்டமுமாகும். வக்ஃபுக் கட்டடம் இடிந்தால் அதன் பொருளை அதன் பராமரிப்புக்கே பயன்படுத்த வேண்டும். உடனடித் தேவையில்லையெனில் பாதுகாத்து வைக்க வேண்டும். மீண்டும் பொருத்த இயலாதபோதே விற்று, அத்தொகையையும் அப்பராமரிப்புக்கே செலவிட வேண்டும் என்று ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா வகுத்துரைக்கிறது. வீண்விரயத்தைத் திருமறை கண்டிப்பதை நாம் அறிவோம். இன்று உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியால் விளைகிறது. எனவே பழைய கல் ஒன்றைக் காப்பது பூமியின் அமானிதத்தையும் காப்பதாகும்.

நம் ஊர்களில் பள்ளிகளைப் புதுப்பிக்கையில் முன்னோர் நிறுத்திய கல்தூண்களும் தேக்கு உத்திரங்களும் இடிபாட்டோடு இடிபாடாகக் கழிந்துவிடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். இடமின்மை உண்மையே, விரிவாக்கமும் அவசியமே. ஆயினும் கடப்பாரையை எடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்வோம். எதை இடிக்காமல் விரிவாக்கலாம் என்று பொறியாளரிடம் கேட்போம். ஒவ்வொரு தூணையும் கதவையும் உத்திரத்தையும் பட்டியலிட்டு ஜமாஅத்தின் முன் வைப்போம். கழற்றியவற்றைப் புதிய கட்டடத்திலேயே பொருத்த முயல்வோம்.

அந்தத் தூண்களின் ஓரத்தில் ஸுஜூது செய்தோர் கபுறுகளில் உறங்குகின்றனர். அவர்கள் வக்ஃபு செய்த கல்லுக்கு நாளை மறுமையில் நாமே கணக்குச் சொல்ல வேண்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்கிருபை செய்வானாக! ஆமீன்.