முப்பது ரூபாய் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்பது ஒரு காலத்தில் மெஷின் இல்லை, மனுஷன். உட்கார்ந்து கணக்குப் போடுகிற உத்தியோகத்துக்கு அப்படிப் பெயர். கல்கத்தா இந்து கல்லூரியில் படித்த ராதாநாத் சிக்தர், 1831-ல் அந்த வேலையில் சேர்ந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டிருந்த சர்வே இலாகா. சிபாரிசு, அவருடைய கணக்கு வாத்தியார் டைட்லர். வயசு 18. சம்பளம் மாசம் 30 ரூபாய்.

சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்ட், பையனின் கணக்கைப் பார்த்து அசந்துபோனார். வினை அங்கேதான் ஆரம்பம். சிக்தருக்கு டெபுடி கலெக்டர் வேலைக்குப் போக ஆசை. எவரெஸ்ட் விடுவாரா? மேலதிகாரி சம்மதம் இல்லாமல் யாரும் இலாகா மாறக்கூடாது என்று உத்தரவே வந்துவிட்டது!

சிக்தர் அங்கேயே இருந்தார். தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். 'பதினைந்தாம் சிகரம்' என்று வெறும் நம்பரோடு கிடந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று கணக்கில் கண்டுபிடித்தவராக இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. மலைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மலையை விடுங்கள். 1851-ல் இலாகா ஒரு சர்வே கையேடு வெளியிட்டது. அதில் கஷ்டமான கணிதப் பகுதிகள் சிக்தருடையவை என்று முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார்கள். 1870-ல் அவர் இறந்தார். 1875-ல் வந்த மறுபதிப்பில் கணக்கு அப்படியே இருந்தது. அந்த நன்றியைக் காணோம். 2004-ல்தான் தபால்தலையில் இடம் கிடைத்தது.

சிக்தரின் இன்றைய வாரிசுகள், ஜி.ஐ.எஸ். படித்தவர்கள். நிலம், சாலை, குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுகிறவர்கள். முடிந்த வரைபடத்தில் கம்பெனி பெயர் இருக்கும். உழைத்தவர் பெயர் இருக்காது.

ஆகவே ரெஸ்யூமில் 'ஆர்க்ஜிஐஎஸ் தெரியும், கியூஜிஐஎஸ் தெரியும்' என்பதோடு நிறுத்தாதீர்கள். அது பக்கத்து சீட்காரருக்கும் தெரியும். எந்த ஊர் வரைபடம், டேட்டா எங்கிருந்து வந்தது, அதில் என்ன தப்பு இருந்தது, நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள், அதை வைத்து யார் என்ன முடிவு எடுத்தார்கள் என்று எழுதுங்கள். டீம் செய்ததை டீம் என்றும், நீங்கள் செய்ததை நீங்கள் என்றும் பிரித்துப் போடுங்கள். கம்பெனி அனுமதித்தால் நாலு மாதிரி வரைபடங்களையும் இணைக்கலாம். அனுமதி இல்லையா? பொதுவில் கிடைக்கிற டேட்டாவை எடுத்துச் சொந்தமாக ஒன்று செய்யுங்கள்.

முன்னுரையில் இன்னொருத்தர் நம் பெயரைப் போடுவார் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிக்தரே சாட்சி.