சாசர் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார்?

ஆங்கில இலக்கியம் படிக்க வர்ற மாணவர்கள் சாசரின் 'கேண்டர்பரி கதைகள்' முதல் பக்கத்தைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி: "சார், இது இங்கிலீஷா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கு. இதை ஏன் அவர் இங்கிலீஷ்ல எழுதினார்? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

1066-க்குப் போவோம். அந்த ஆண்டு அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் ஜெயித்து இங்கிலாந்து அரசரானார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நிலமெல்லாம் கைமாறிவிட்டது. பெரிய பண்ணைகள், ஆயர் பதவிகள் எல்லாம் நார்மன்காரர்களிடம் போய்விட்டன. 1086-ல் நாட்டின் நிலத்தையும் கால்நடைகளையும் கணக்கெடுத்து டூம்ஸ்டே புத்தகம் தயாரித்தார்கள். அது லத்தீனில் இருக்கிறது. மடத்துக்கும் கணக்குக்கும் லத்தீன், அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு, வயலுக்கும் அடுப்படிக்கும் ஆங்கிலம். நிலைமை இதுதான்.

இதன் தடயம் நம்ம ஊர் ஹோட்டல் மெனுவிலேயே இருக்கு. ஆடு வயலில் மேயும்போது 'ஷீப்'. அது பழைய ஆங்கிலச் சொல். தட்டுக்கு வந்ததும் 'மட்டன்'. அது பிரெஞ்சு வழியாக வந்த சொல். மேய்த்தவன் ஒரு மொழி பேசினான், சாப்பிட்டவன் வேறு மொழி பேசினான். நாம் மட்டன் பிரியாணி கேட்கும்போது அந்த நார்மன் பிரபுவின் வார்த்தையைத்தான் சொல்றோம்.

அதுக்காக ஆங்கிலத்தில் யாருமே எழுதலைன்னு நினைக்க வேண்டாம். பீட்டர்பரோ மடத்தில் 1154 வரை ஆண்டுக்குறிப்பு ஆங்கிலத்தில் தொடர்ந்தது. லாயமன் என்ற பாதிரியார் ஆர்தர் கதையை ஆங்கிலத்தில் பாடினார். ஆனால் அந்தஸ்து ஆங்கிலத்துக்கு இல்லை.

திருப்பம் 14-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1337-ல் பிரான்ஸோடு நூறாண்டுப் போர் தொடங்கியது. பிரெஞ்சு, எதிரியின் மொழியும் ஆனது. 1348-ல் கொள்ளைநோய் வந்தது. இங்கிலாந்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்துப்போனார்கள். உழ ஆள் இல்லை. உயிரோடு இருந்தவர்கள் அதிகக் கூலி கேட்டார்கள். பழைய கூலிக்கே வேலை செய்யணும்னு 1351-ல் சட்டம் போட்டார்கள். இத்தனை காலம் குரல் இல்லாதவர்களாக இருந்த ஆங்கிலம் பேசும் மக்களுக்கு இப்போது பேரம் பேசும் பலம் வந்துவிட்டது.

1362-ல் இன்னொரு சட்டம். நீதிமன்றத்தில் பேசும் பிரெஞ்சு மக்களுக்குப் புரியலை, அதனால் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று. வேடிக்கை என்னன்னா, அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்!

இந்தச் சூழலில்தான் சாசரை வைத்துப் பார்க்கணும். லண்டன் மது வியாபாரியின் மகன். பிரான்ஸ் போரில் பிடிபட்டு, 1360-ல் மீட்கப்பட்டவர். அந்த மீட்புப் பணத்தில் 16 பவுண்டு அரசர் கொடுத்தது. 1374-லிருந்து லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அதிகாரி. பிரெஞ்சு, லத்தீன், இத்தாலியன் எல்லாம் தெரியும். அவருடைய நண்பர் ஜான் கோவர் மூன்று பெரிய நூல்கள் எழுதினார்: ஒன்று பிரெஞ்சில், ஒன்று லத்தீனில், ஒன்று ஆங்கிலத்தில். எந்த மொழி நிலைக்கும் என்பது அன்றைக்கு முடிவாகாத விஷயம். அதனால்தான் சாசர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தது சாதாரணம் இல்லை.

ஆங்கிலத்தில் எழுதுவது ஆபத்தாகவும் மாறியது. 1381 ஜூனில், தலைவரியை எதிர்த்து விவசாயிகள் கிளர்ந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். எசெக்ஸ்காரர்கள் நுழைந்தது ஆல்ட்கேட் வாசல் வழியாக. அந்த வாசலின் மேல்மாடியில்தான் சாசருக்கு வீடு. கிளர்ச்சியில் முன்நின்ற பாதிரியார் ஜான் பால் பெயரில் பரவிய ஆங்கிலக் கடிதங்களில், லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' கவிதையின் நாயகன் பெயர் வருகிறது. கவிதையில் வந்த உழவன் கலகக்காரர்களின் வாயில் வந்துவிட்டான். சாசரோ இந்தக் கலகத்தை நேரடியாகத் தொட்டது ஒரே ஒரு இடத்தில்தான். சேவலை நரி தூக்கிட்டு ஓடும் கதையில், துரத்துகிறவர்களின் கூச்சலுக்கு உவமையாக.

அதே காலத்தில் விக்ளிஃபின் சீடர்கள் பைபிளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1401-ல் மதபேதிகளை எரிக்கச் சட்டம் வந்தது. 1409-ல் அனுமதியில்லாத பைபிள் மொழிபெயர்ப்புக்குத் தடை. 1428-ல் விக்ளிஃபின் எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள். செத்து 44 வருஷம் கழித்து! கதை சொல்ல ஆங்கிலம் வேணும், வேதம் படிக்க மட்டும் வேண்டாம். யார் படிப்பார்கள் என்ற பயம்தான் காரணம்.

அதனால் மாணவர்களுக்கு நான் சொல்றது இதுதான். 'ஆங்கிலக் கவிதையின் தந்தை' என்ற ஒற்றை வரியை மனப்பாடம் பண்ணிட்டு நகராதீங்க. முன்னுரையை வாய்விட்டுப் படிங்க. 'நைட்' என்று நாம் சொல்லும் சொல்லை அன்றைக்கு முதல் எழுத்தான 'க்' ஒலியோடு சொன்னார்கள். எழுத்து அப்படியே இருக்கு, ஒலிதான் போயிடுச்சு. அந்த வரிசையில் வீரனும் கன்னியாஸ்திரியும் மாவுமில்காரனும் உழவனும் ஒரே பாதையில், ஒரே மொழியில் போகிறார்கள். முந்நூறு வருஷம் தனித்தனி மொழியில் வாழ்ந்த நாட்டில், அது பெரிய விஷயம்.

அடுத்த எபிசோடில் லாங்லண்டின் உழவனைப் பார்ப்போம்.