வேம்பை வெட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிங்க



போன வாரம் நம்ம கோயில் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. கார் நிறுத்த இடம் பத்தல, வேப்பிலை விழுந்து லோங்காங் அடைக்குது, அதனால அரசமரம் இருக்கட்டும், வேம்பை மட்டும் வெட்டிடலாம்னு. தொண்டர்களான நாங்க அன்னைக்கு சரியா பதில் சொல்லல. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சதை இங்க எழுதுறோம்.

முதல்ல நம்ம ஊர்ப் பேரையே பாருங்க. புக்கிட் ரம்பாய். ரம்பாயில் ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. பழம் கொத்துக் கொத்தா தொங்குறது பெண் மரத்துலதான். பாட்டிமார் ஊர்ல விட்டுட்டு வந்த பனையும் அப்படித்தான்.

அரசமரம் அப்படி இல்ல. அதன் ஒவ்வொரு சின்னப் பழத்துக்குள்ளும் ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்தே இருக்கு. ஆனாலும் நம்ம முன்னோர் அரசை ஆணாகவும் வேம்பைப் பெண்ணாகவும் வச்சாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நட்டு, தாலி கட்டி கல்யாணமே பண்ணி வச்சாங்க. அடியில் பிள்ளையார், பக்கத்துல பின்னிப் பிணைஞ்ச ரெண்டு நாகம் செதுக்கின கல். பிள்ளை வரம் கேட்டு சுத்தி வந்த பெண்கள் எத்தனை பேர்!

கல்லிலும் இதே கதைதான், ஆனா ஒரே நாள்ல வந்தது இல்ல. திருப்பதி பக்கத்துல குடிமல்லம் லிங்கம் இருக்கு. கி.மு. காலத்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. சுமார் 5 அடி உயரம், ஆண்குறி வடிவம் ஒளிவுமறைவே இல்லாம தெரியும், முன்பக்கம் சிவன் நிற்கிறார். அதுக்கு ஆவுடையார் கிடையாது.

பின்னாடி வந்த கோயில்கள்ல லிங்கம் தனியா நிக்கல. அடியில் சதுரம் பிரம்மா, நடுவில் எட்டுப் பட்டை விஷ்ணு, மேலே உருண்டை ருத்திரன். மூன்றையும் தாங்குற ஆவுடையார் சக்தி. நம்ம கண்ணுக்குத் தெரியுறது மேல் பாகம் மட்டும்தான். அபிஷேகத் தண்ணி வெளியே வர்றதும் அம்மாவோட பாகம் வழியாத்தான், கோமுகியில். லிங்கத்தை வெறும் ஆண் சின்னம்னு கேலி பண்ணி வீடியோ போடுறவங்க பாதிக் கல்லைத்தான் பார்த்திருக்காங்க.

அர்த்தநாரீஸ்வரர்ல இது இன்னும் தெளிவு. 6-ஆம் நூற்றாண்டு எலிபெண்டா குகையிலும், 1025-ல் கடாரத்து மேல படை அனுப்பின ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரத்திலும், திருச்செங்கோட்டு மூலவரிலும் வலது பாதி அப்பன், இடது பாதி அம்மை.

இங்கேயும் பழைய கல் இருக்கு. மலாக்கா எல்லையைத் தாண்டினா லிங்கி பக்கம் பெங்காலான் கெம்பாஸ். ஷேக் அகமது மஜ்னூன் கல்லறைக் கல்வெட்டில் 1467-ஆம் ஆண்டு பொறிச்சிருக்கு. பக்கத்துல நிக்கிற மூன்று பெருங்கற்களுக்கு ஊர்க்காரங்க வச்ச பேரு வாள், கரண்டி, சுக்கான். செங்குத்தா நிக்கிற கல்லையெல்லாம் ஆண்குறின்னு சொல்லிடுற பழக்கம் சிலருக்கு உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்ல. கல்லை வச்சவங்க மனசுல என்ன இருந்துச்சோ! ஆனா அரசு வேம்பு விஷயம் அப்படி இல்ல. வச்சவங்க நம்ம தாத்தா பாட்டி. பால்மரம் வெட்டிட்டு வந்து, லயத்துப் பக்கத்துல கன்று நட்டு தண்ணி ஊத்தினாங்க. எதுக்குன்னு நமக்குத் தெரியும்.

வேம்பு மாரியம்மாவும்கூட. ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது இலை எங்கேர்ந்து பறிக்கிறோம்? கார் நிறுத்த பின்பக்கத்து வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். லோங்காங் மேல கம்பி வலை போட்டு, தினமும் கூட்டினா போதும். கூட்டுறதுக்கு நாங்க நாலு பேர் பேர் கொடுத்துட்டோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் தலைவர்கிட்ட பேசப் போறோம், கூட வர்றவங்க கீழ சொல்லுங்க.