பழைய கணினிக்குப் புது நினைவகம்: ஒரு சிறு வரலாறு

கணினிக்கு நினைவகம் கூட்டுவது கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கும் காரியம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புதிய கணினிக்கு அது சரியாகவும் இருக்கலாம். பழைய மேசைக் கணினி ஒன்று புதிய பட்டையை ஏற்க மறுக்கும்போது, அதற்கான காரணம் பெரும்பாலும் வரலாற்றிலேதான் கிடக்கிறது. பலாங்கொடையில் நான் அறிந்த ஒரு கணினியை முன்னிறுத்தி அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து 'வேர்ல்விண்ட்' கணினியில் 1953 ஆம் ஆண்டு காந்த வளைய நினைவகம் பொருத்தப்பட்டது. சின்னஞ்சிறு வளையங்களினூடாக மெல்லிய கம்பிகளைக் கையாலே கோர்த்து அதை உருவாக்கினார்கள். சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கும் நிரல்களைக் கம்பியால் நெய்து கொடுத்தவர்கள் பெண் தொழிலாளர்களே. அவர்களில் பெரும்பாலோரின் பெயரை வரலாறு சொல்வதில்லை. விரல்களின் வேகத்தில் தங்கியிருந்த அந்தத் தொழிலைப் படிக்கும்போது, நமது மலைகளில் கொழுந்து பறிக்கும் கைகள் எனக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவகத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: மின்சாரம் நின்றாலும் அது மறக்காது.

அடுத்து வந்ததோ மறக்கும் நினைவகம். ஐபிஎம் நிறுவனத்தின் ரொபேர்ட் டெனார்ட் 1966 இல் சிந்தித்து, 1968 இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்குகின்றன. மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம் கசிந்துவிடும். ஆகவே, ஏறக்குறைய ஒவ்வொரு 64 மில்லி செக்கனுக்குள்ளும் முழு நினைவகத்தையும் வாசித்து மீள எழுதவேண்டும். இன்டெல் 1970 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த '1103' என்ற சில்லு 1,024 பிட் கொள்ளளவு மட்டுமே கொண்டது. எனினும் சில ஆண்டுகளிலேயே காந்த வளையங்களின் காலம் முடிந்துபோனது. இன்றைய கணினிகளும் டெனார்டின் வழியிலேயே நினைவில் வைக்கின்றன, மறக்கவும் செய்கின்றன.

இனி பலாங்கொடைக்கு வருகிறேன். இங்குள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பித்த நண்பர் ஒருவர், லயங்களில் வாழ்ந்த முதியவர்களின் கதைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு, கணினியில் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, காட்டக் கடதாசி இல்லாமல் நின்றவர்களின் கதைகள் அவை. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என விட்டுவைத்தது. யார் போனார்கள், யார் தங்கினார்கள், எந்தக் குடும்பம் எப்படிப் பிரிந்தது என்பதெல்லாம் அக்கோப்புகளில் இருந்தன. சொன்னவர்களிற் பலர் மறைந்துவிட்டனர். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'பலாங்கொடை மனித'னை உலகம் அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைக்கு வந்தவர்களின் பேச்சோ ஒரே ஒரு வன்தட்டில் இருந்தது.

கணினி பென்டியம் 3 வகை. நினைவகம் 64 மெகாபைட். இயங்குதளம் விண்டோஸ் 98. ஆண்டு 2006. ஒருங்குறித் தமிழில் எழுதுவதற்கு விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி வேண்டியிருந்தது. எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் பரிந்துரைத்த அளவோ 128 மெகாபைட். அந்நாளில் நம்மவர் பலருக்கு நினைவகத்தின் விலை தமிழின் விலையாகவும் இருந்தது.

நண்பர் 256 மெகாபைட் பட்டை ஒன்றை வாங்கிப் பொருத்தினார். கணினி 128 என்று காட்டியது. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், மறுபடியும் 128. பட்டையில் குறையில்லை. தாய்ப்பலகையில் இருந்தது இன்டெல் 1998 இல் வெளியிட்ட '440 பிஎக்ஸ்' சில்லுத்தொகுதி. அது 128 மெகாபிட் வரையான சில்லுகளை மட்டுமே அறியும். புதிய பட்டையில் 256 மெகாபிட் சில்லுகள் எட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் பாதியை மட்டும் அது கண்டது. அதே 256 மெகாபைட்டை 128 மெகாபிட் சில்லுகள் பதினாறாகத் தாங்கிய, இரு பக்கமும் சில்லுள்ள பட்டை கிடைத்ததும் கணக்கு நேரானது.

பின்னர் வேறொரு தொல்லை. பழைய பட்டையும் புதியதும் சேர்ந்திருக்கையில் கணினி இடையிடையே உறைந்தது. 'மெம்டெஸ்ட்' என்ற இலவசச் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். ஒவ்வொரு பட்டையாகத் தனித்துச் சோதித்ததில், பழுது பழைய பட்டையில் என்று தெரிந்தது. அதன் பித்தளை நிறத் தொடுமுனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்தும் பயனில்லை, அகற்றினோம்.

வாசகர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். வன்தட்டு மறப்பதில்லை என்றாலும், அதில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் இந்த மறக்கும் நினைவகத்தின் வழியாகவே போகிறது. நினைவகம் பழுதானால், பிரதி எடுக்கும்போதே கோப்பு ஓசையின்றிச் சிதைந்துவிடலாம். திறந்து பார்க்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே நினைவகத்தைச் சோதிக்காமல் எதையும் பிரதி எடுக்கவேண்டாம். சந்தேகமிருந்தால் வன்தட்டைக் கழற்றி நல்ல கணினி ஒன்றில் இணைத்துப் பிரதி எடுப்பது உத்தமம். புதிய இயங்குதளமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழைய கணினி வைத்திருப்போருக்கு மேலும் சில குறிப்புகள். எஸ்டிரேம் பட்டைக்கு 168 முனை, 3.3 வோல்ட், டிடிஆருக்கு 184 முனை, 2.5 வோல்ட், டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனை, ஆனால் 1.8, 1.5 வோல்ட். வெட்டுப்பள்ளம் இடம் மாறியிருப்பது தவறான பட்டை ஏறிவிடாமல் தடுப்பதற்காகவே, அழுத்தி ஏற்றக்கூடாது. முதற் பென்டியம்களின் '430 டிஎக்ஸ்' சில்லுத்தொகுதி 64 மெகாபைட்டுக்கு மேற்பட்டதை இடைமாற்று நினைவகத்தில் சேர்க்காது. அதில் நினைவகம் கூட்டினால் வேகம் குறையவும் கூடும். விண்டோஸ் 98 இல் 512 மெகாபைட்டைத் தாண்டினால், நினைவகம் மிகுந்திருந்தும் 'நினைவகம் போதாது' என்ற செய்தி வரலாம். 32 பிட் எக்ஸ்பியில் 4 கிகாபைட் போட்டாலும் மூன்று சொச்சமே தெரியும். இவையெல்லாம் பழுதுகள் அல்ல. அந்தந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் போதும் என்று போட்ட எல்லைக்கோடுகள்.

நண்பரின் கோப்புகள் முழுமையாக மீண்டன. 'பொங்குதமிழ்' மாற்றியின் உதவியால் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றி, மூன்று இடங்களில் பிரதி வைத்தார். கடதாசி இல்லாததனால் நாடிழந்த சனங்களின் கதைக்கு ஒரே பிரதி போதாது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை இரும்புக் கடைக்குக் கொடுக்குமுன், வன்தட்டில் யாருடைய பேச்சு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.