நீலகிரிப் புல்வெளிகளின் வரலாறு

நீலகிரிப் புல்வெளிகள் என்பவை தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சோலைக்காடுகளோடு கலந்து பரவியுள்ள இயற்கைப் புல்வெளிகளாகும். பழனிமலை, ஆனைமலை, மூணாறு ஆகிய உயர்மலைப் பகுதிகளிலும் இத்தகைய சோலை–புல்வெளி அமைப்பு காணப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் தரிசு என்று கருதப்பட்ட இந்நிலங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அயல்நாட்டு மரங்கள் நடப்பட்டன. "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று பள்ளிச் சுவர்களில் எழுதி வளர்ந்த தலைமுறைக்கு, மரம் நட்டதால் நீரும் உயிரினங்களும் குறைந்த ஓரிடத்தின் வரலாறு வியப்பளிக்கக் கூடும்.

புல்லின் தனித்தன்மை

நெல், கோதுமை, மக்காச்சோளம், சிறுதானியங்கள், கரும்பு, மூங்கில் ஆகிய அனைத்தும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட புல்லினங்கள் உள்ளன. மரத்தின் வளர்நுனி கிளையின் உச்சியில் இருக்கிறது. புல்லின் வளர்நுனியோ தரையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே ஆடு மேய்ந்தாலும், தீயில் கருகினாலும், உறைபனியில் வாடினாலும் புல் மீண்டும் துளிர்க்கிறது.

நீலகிரியின் உயர்பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உறைபனி விழுகிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகள் பெரும்பாலும் இப்பனியில் கருகிவிடுகின்றன. எனவே காற்றும் பனியும் குறைவாகத் தாக்கும் பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலைகளும், மேட்டுச் சரிவுகளில் புல்லும் அமைந்தன. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை தெரியும். பள்ளங்களின் அடியில், நீர் தேங்கும் இடங்களில், சதுப்புகள் உருவாயின.

சதுப்பில் பதிந்த காலநிலை

இப்புல்வெளிகள் மனிதர் காட்டை அழித்ததால் உண்டானவை என்ற கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இதற்கு மறுப்பு மலையின் சதுப்புகளிலிருந்தே கிடைத்தது. அங்கே இலைகளும் வேர்களும் முழுவதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் தம் குழுவினருடன் இப்படிவுகளை ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்.

ஆய்வின் அடிப்படை எளிமையானது. ஒளிச்சேர்க்கையில் மரங்கள் பின்பற்றும் வழி ஒன்று. வெப்பமண்டலப் புற்கள் பல பின்பற்றும் வழி வேறு. தாவரவியலார் முதலாவதை சி3 என்றும் இரண்டாவதை சி4 என்றும் குறிப்பிடுகின்றனர். இவ்விரு வகைத் தாவரங்களிலும் கரியணுவின் இரு வடிவங்கள் வெவ்வேறு விகிதத்தில் சேர்கின்றன. செடி மடிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அந்த விகிதம் படிவில் மாறாமல் இருக்கிறது. அதை அளந்தால் அந்தக் காலத்தில் அங்கு எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்று அறியலாம். சி4 புற்கள் வறட்சியையும், காற்றில் கரியமில வாயு குறைந்த நிலையையும் தாங்குபவை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், பருவமழை வலுவிழந்திருந்தபோது நீலகிரியில் இத்தகைய புற்களே மேலோங்கி இருந்தன. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுப்பெற்றபோது சி3 தாவரங்கள் பெருகின. பின்னர் வறட்சி திரும்பியபோது சி4 புற்கள் மீண்டும் மிகுந்தன. ஆக, மனிதர் இங்கு மேய்ச்சலோ உழவோ தொடங்குவதற்கு மிக முன்பே புல்வெளி இருந்தது.

தோடரும் புல்லும்

நீலகிரியின் உயர்புல்வெளிகளோடு நெருங்கிய உறவு கொண்டவர்கள் தோடர்கள். இன்று இரண்டாயிரத்துக்கும் குறைவாக உள்ள இம்மக்களின் வாழ்வும் வழிபாடும் எருமையைச் சுற்றி அமைந்தவை. எருமைக்குப் புல் வேண்டும். எனவே அவர்களின் குடியிருப்பான மந்து, புல்வெளியும் சோலையும் நீரோடையும் அருகருகே உள்ள இடத்தில் அமைந்தது. தோடர் கோயில்களின் வளைந்த கூரைகள் புல்லால் வேயப்படுபவை. சதுப்பில் வளரும் தனிவகைப் புல் இதற்கென அறுத்து வரப்படும். சதுப்புகள் சுருங்கிய பின் இப்புல்லைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதாயிற்று.

படகர்கள் சற்றுத் தாழ்ந்த சரிவுகளில் சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டனர். தோடரின் நெய்யும் படகரின் தானியமும் கோத்தரின் இரும்புப் பொருள்களும் மட்பாண்டங்களும் கைமாறின. காய்ந்த புல்லுக்குப் பருவமறிந்து தீயிட்டு இளம்புல்லைத் துளிர்க்கச் செய்யும் வழக்கமும் மலையில் இருந்தது. பின்னாளில் வனச் சட்டங்கள் அதைத் தடை செய்தன.

கோடை நகரமும் விறகுப் பஞ்சமும்

1819இல் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டப்பட்டது; ஏரி வெட்டப்பட்டது. மலையின் நிலம் தோடர்களுக்கு உரியது என்று சல்லிவன் வாதிட்டது குறிப்பிடத்தக்கது. ஆனால் அரசின் பார்வை நாளடைவில் வேறாயிற்று. ஏர் உழாத, வரி செலுத்தாத நிலம் தரிசு என்பதே வருவாய்த்துறையின் கணக்கு. எருமை மேய்வதை அக்கணக்கு நிலப் பயன்பாடாகக் கொள்ளவில்லை.

குளிர்ப்பகுதி நகரத்துக்கு விறகு இன்றியமையாதது. பாளையமும் பங்களாக்களும் பெருகியபோது அருகிலிருந்த சோலைகள் விறகுக்காக வெட்டப்பட்டன. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்தில் அவை மீளவில்லை. எனவே விரைந்து வளரும் ஆஸ்திரேலிய மரங்களை நாடினர். சீகை மரங்கள் 1830, 1840களிலும், கற்பூர மரம் எனப்படும் நீலக் கற்பூரத் தைலமரம் 1843 அளவிலும் கொண்டுவரப்பட்டன. 1850களிலிருந்து விறகுத் தோட்டங்கள் முறையாக நடப்பட்டன. எஞ்சிய சோலைகளைக் காக்கவும் இத்தோட்டங்கள் உதவும் என்று அக்கால அலுவலர்கள் நம்பினர். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அவை நடப்பட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. அங்கும் காக்கப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது என்று எவரும் எண்ணவில்லை.

இதே காலத்தில் தேயிலை, உருளைக்கிழங்கு, ஆங்கிலக் காய்கறிகள் ஆகியவையும் பரவின. வேட்டைக்கும் குதிரைச் சவாரிக்கும் ஏற்றது என்பதற்காக, உதகைக்கு மேற்கே ஒரு பகுதி மட்டும் திறந்த வெளியாக விடப்பட்டது. 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் அது வென்லாக் டவுன்ஸ் என வழங்கலாயிற்று.

விடுதலைக்குப் பின் மரத்தோட்டங்கள்

புல்வெளியின் பேரிழப்பு ஆங்கிலேயர் காலத்தோடு முடியவில்லை. பெரும்பகுதி 1950களுக்குப் பிறகே நிகழ்ந்தது. சீகை மரப்பட்டையில் உள்ள துவர்ப்பொருள் தோல் பதனிடப் பயன்படுவது. அதுவரை அது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இறக்குமதியைக் குறைக்கவும் தோல் தொழிலை வளர்க்கவும் மலைப் புல்வெளிகளில் சீகை நடப்பட்டது. செயற்கைப் பட்டிழைக்கான மரக்கூழுக்காகக் கற்பூர மரம் நடப்பட்டது. சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு இம்மரங்கள் சென்றன. பைன் மரமும் சேர்ந்தது. குந்தா நீர்மின் திட்டத்துக்காக அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு முதலிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டபோது பள்ளத்தாக்குகள் சில நீரில் மூழ்கின.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காடுகளை வருவாய்க்கான இடமாகப் பார்ப்பதை விட்டுச் சுற்றுச்சூழல் நிலைப்பாட்டை முதன்மையாக வைத்தது. புதிய நடவு நின்றாலும் பரவல் நிற்கவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினாலும் தீ பட்டாலும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்தவர்கள், சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அயல்மரங்களிடம் போய்விட்டதாகக் கண்டனர். பழனிமலையில் மட்டும் தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருந்தது.

நீரும் உழவும்

பைக்காரா, மாயாறு, குந்தா ஆகிய ஆறுகளுக்கு நீலகிரியின் மேட்டுநிலம் பிறப்பிடம். பருவமழையில் பெய்யும் நீரை அடர்ந்த புல்வேரும் கருமண்ணும் பள்ளத்துச் சதுப்பும் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த மாதங்களில் மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. புல் கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும்; அதன் நீர்ச்செலவும் அப்போது குறையும். ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் கற்பூர மரமோ ஆழத்தில் வேரோட்டி, கோடையிலும் நீரை இழுத்து இலை வழியே வெளியேற்றுகிறது.

இதனை அளந்து காட்டியது உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம். கிளன்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அது மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ கால் பங்காயிற்று.

இது மலைவாழ் மக்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1932 முதல் இயங்கிவரும் பைக்காரா மின்நிலையமும், பின்னர் வந்த குந்தா மின்நிலையங்களும் இம்மலை நீரை நம்பியவை. பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் பவானிசாகர் அணை நிற்கிறது. அதன் கீழ்பவானிக் கால்வாயில் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. கோபிசெட்டிபாளையத்து நெல்வயலும் முக்கூர்த்திச் சரிவின் புல்லும் ஒரே நீரால் இணைக்கப்பட்டவை.

கரிமச் சேமிப்பும் உயிரினங்களும்

மரம் நட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையும் என்பது உண்மையே. ஆயினும் புல்வெளியும் கரிமத்தைச் சேமிக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. மேலே உள்ள புல் எரிந்தாலும் மண்ணுக்குள் இருப்பதில் பெரும்பகுதி தங்கிவிடும். கற்பூரம், பைன் போன்ற மரங்களில் சேரும் கரிமமோ தரைக்கு மேல் இருப்பதால் ஒரு பெருந்தீயில் காற்றோடு போய்விடும்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வது இப்புல்வெளிகளில்தான். இதனைக் காக்க 1982இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முக்கூர்த்தி, 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் பதிவாயின. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவைக்கும் புல்வெளியன்றி வேறு வாழிடம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வளர்வதும் இச்சரிவுகளிலேயே.

மீட்பு முயற்சிகள்

அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. வனத்துறையும் தன்னார்வலர்களும் உள்ளூர்ப் புற்களை நாற்றங்காலில் வளர்த்துச் சரிவுகளில் நட்டு வருகின்றனர். பணி எளிதன்று. சீகையை வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். தவறினால் முன்னிலும் அடர்ந்த சீகைக்காடே மிஞ்சும். முதிர்ந்த தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்துள்ளதால், அவற்றை வெட்டாமல் விடுவதே நல்லது என்போரும் உளர். ஆகவே எஞ்சியிருக்கும் புல்வெளியில் புதிதாய் நுழையும் கன்றுகளை முதலில் அகற்றுவதே குறைந்த செலவில் கூடுதல் பயன் தருவது என ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

வெற்றிடம் என்று தோன்றும் நிலங்கள் சமவெளியிலும் உள்ளன. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரியின் உள்வாய், புல் மண்டிய கரடு ஆகியவற்றில் மாணவர்களைக் கொண்டு மரக்கன்று நடும் விழாக்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. குழி தோண்டும் முன் அந்த இடத்தில் ஆடு மாடு மேய்ப்பவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அங்கே என்ன புல் முளைக்கிறது, எந்த மாதம் முளைக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதை அவர் சொல்லுவார்.