அஜ்மீரி வாயில் கலாசாலை

புது தில்லி ரயில் நிலையத்தின் அஜ்மீரி வாயில் புறமாக வெளியேறும் தமிழர் பலர், சற்றுத் தொலைவில் செங்கல் நிறக் கல்லால் கட்டிய பழைய பள்ளி ஒன்றைக் கடந்து சென்றிருப்பர். ஆங்கிலோ அரபிப் பள்ளி என்பது அதன் பெயர். நம் நாட்டுக் கல்விச் சரித்திரத்தில் அதற்குத் தனியிடம் உண்டு.

இதனை நிறுவியவர் காஜியுத்தீன் கான். ஔரங்கசீப்பின் தளபதி, ஹைதராபாத்தின் முதல் நிஜாமுக்குத் தந்தை. நடுவே விசாலமான முற்றம், அதைச் சூழ மாணவர் அறைகள், மேற்கே மசூதி. அதன் அருகில், சலவைக்கல்லில் குடைந்த சாளரத் தட்டிகளுக்குள், 1710-இல் மறைந்த காஜியுத்தீனின் சமாதி இருக்கிறது.

1825-இல் கம்பெனி அரசாங்கம் இங்கே தில்லிக் கல்லூரியைத் தொடங்கிற்று. 1829-இல் அவத் அரசின் மந்திரியாயிருந்த நவாப் இதிமாத்-உத்-தௌலா 1,70,000 ரூபாய் நன்கொடை அளித்தார். ஆங்கில வகுப்பு ஒருபுறம் நடந்தது. ஆயினும் கல்லூரிக்குப் புகழ் தந்தது மற்றொன்று: கீழைக்கலைப் பிரிவில் மேனாட்டுக் கணிதமும் வானநூலும் பௌதிகமும் உருது மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. பாடநூல்கள் இல்லையே என்று ஆசிரியர்கள் வாளாவிருக்கவில்லை. 1840-களில் மொழிபெயர்ப்புச் சங்கம் கண்டு, நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை உருதுவில் ஆக்கினர். அதே காலத்தில் கல்லூரி காஷ்மீரி வாயிலருகே இருந்த தாரா ஷிகோவின் நூலகக் கட்டடத்திற்கு மாறியது.

அங்கே உருதுவில் விஞ்ஞானம் போதித்தவருள் ஒருவர் ராமச்சந்திரர். நுண்கணிதம் கொண்டு தீர்க்கும் கணக்குகளை, பாஸ்கரர் காலமுதல் நம்மவர்க்குப் பழகிய பீஜகணித வழியாலேயே தீர்க்கலாமெனக் காட்டி, 1850-இல் கல்கத்தாவில் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். கணித அறிஞர் டி மார்கன் அதனை 1859-இல் லண்டனில் மறுபதிப்புச் செய்வித்தார்.

1857-இன் புரட்சியில் கல்லூரித் தலைவர் டெய்லர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது. 1864-இல் கல்லூரி மீண்டும் திறந்தபோது போதனாமொழி ஆங்கிலமாயிற்று. 1877-இல் அதுவும் மூடப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலோ அரபிப் பள்ளி அஜ்மீரி வாயில் கட்டடத்தில் நிலைகொண்டது. பின்னர் அங்கே மீண்டும் எழுந்த கல்லூரி, 1975-இல் ஜாகிர் ஹுசேன் கல்லூரி என்று பெயர் பெற்று, 1980-களில் வேறிடம் சென்றது. பள்ளி அங்கேயே நின்றது. 2012-இல் பெண்களுக்கும் கதவைத் திறந்தது.

தாய்மொழியில் உயர்கல்வி இயலுமா என்னும் வினா, வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழர்க்கும் புதிதன்று. தில்லிக் கல்லூரியின் உருது வகுப்பு அதற்குச் செயலால் விடை கூறியது. அது மாணவர் அறிவுக் குறைவால் நின்றுபோகவில்லை. நடத்தும் கைகள் மாறியதால் நின்றது.